நாலாம் விரலுக்கு வேலை இல்லை

அத்தியாயம் 14

அரங்கத்து வாசல் போஸ்டரில் சின்னவனின் பெயர் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. பெரியவனின் பெயர் அதற்கு வெகு கீழே, வண்டிகளை எங்கே நிறுத்தலாம் என்ற குறிப்பை ஒட்டினாற்போல், அந்தக் குறிப்பின் எழுத்தளவிலேயே இருந்தது.

பெரியவன் வயோலா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனான். நான்கு நாளாக இப்படித்தான் போகிறான். ஒன்றைப் பார்க்காமல் போக வேண்டுமென்றால் அது எங்கே இருக்கிறதென்று மிகச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை வாரம் கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

பெரியவன் நகர இசைக்குழுவில் பத்தொன்பது வருடமாக வயோலா வாசிக்கிறான். வயோலா என்பது வயலினுக்கு அக்கா, செல்லோவுக்குத் தங்கை. வீட்டில் நடுப்பிள்ளைக்கு என்ன கவனிப்போ அதுதான் அதற்கும். அவன் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய பதினொரு நிமிட இசை வரும் சனிக்கிழமை முதல்முறையாக மேடை ஏறப்போகிறது. அதே சனிக்கிழமை, அதே இசைக்குழு, சினிமாவுக்கு இசையமைக்கும் அவன் தம்பியின் படத்து இசையைக் கோத்து நாற்பது நிமிடம் வாசிக்கப்போகிறது. டிக்கெட் ஒரே காலையில் தீர்ந்துபோனது. பதினொரு நிமிடத்துக்காகத் தீர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

இதில் பெரியவனுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புது இயக்குநர் முதலில் வந்து நின்றது இவன் வீட்டு வாசலில்தான். எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, தம்பி சும்மாதான் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்று கைகாட்டி அனுப்பியவனும் இவன்தான். சும்மா இருந்த தம்பி அதற்கப்புறம் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை.

மேடையில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. பெரியவனின் ஸ்டாண்டில் பங்கு போடும் பெண்மணி முன்பே வந்து வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரே தாள். பதினொரு வருடமாக ஒரே தாளைப் பார்த்து வாசிப்பதால் அவளுக்கு இவனிடம் மரியாதை எதுவும் மிச்சமில்லை.

“இன்னிக்கு முதல்ல உங்களோடதா, தம்பியோடதா?”

“என்னோடது.”

“நல்லது. கஷ்டமானதை முதல்ல முடிச்சிடலாம்.”

பெரியவன் இடது கை விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். சுண்டுவிரல் காலையில் எப்போதும் போலக் கட்டையாக இருந்தது. ஒன்றரை வருடமாக அந்த விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தந்தியில் வைத்தால் வழுக்குகிறது, வேகமாகப் போனால் வரவே மாட்டேன் என்கிறது. தினமும் வெந்நீரில் வைத்து, பிடித்துவிட்டு, ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். பிடித்துவிடுகிற மனைவியைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் முதல் வரிசை நாற்காலி போய்விடும். கொஞ்ச நாளில் கடைசி வரிசை நாற்காலியும் போய்விடும்.

இசைக்குழுவை நடத்துபவர் வந்தார். வெள்ளைக் குச்சியோடு நிற்கிற அவருக்குக் குழுவில் குச்சிக்காரர் என்று பெயர். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது, அதனால் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

பெரியவனின் இசை ஆரம்பித்தது.

முதல் மூன்று நிமிடம் ஒழுங்காகப் போனது. நடுப்பகுதி வந்ததும் குச்சிக்காரர் நிறுத்தினார். திரும்ப ஆரம்பித்தார். திரும்ப நிறுத்தினார். மூன்றாவது முறை குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தனக்கே கேட்கவில்லை என்றார். எல்லாரும் எழுதியதைத்தான் வாசிக்கிறோம் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் தாளுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

குறை சொல்லும்படி யாரும் வாசிக்கவில்லை என்பதுதான் பெரியவனுக்கு எரிந்தது. எல்லாரும் சரியாகவே வாசித்தார்கள். வருமான வரிப் படிவத்தைப் பூர்த்தி செய்வதுபோலச் சரியாக. பதினொரு நிமிடத்தில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்ததை அவன் பார்த்தான். அதில் ஒருத்தி அவன் பக்கத்திலேயே இருந்தாள்.

“பதினெட்டு பார் எண்ணிட்டே உக்காந்திருந்தேன்,” என்றாள் அவள், முடிந்ததும்; பார் என்பது தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம். “எண்ணி முடிச்சா வாசிக்க ரெண்டே ரெண்டு நோட்டு. அதுவும் உங்க ரெண்டாவது வயலின் மேல விழுந்து நசுங்கிடுச்சு.”

“புரியறவங்களுக்குப் புரியும்.”

“அவங்க சனிக்கிழமை வராங்களா?”

இடைவேளைக்கு அப்புறம் சின்னவன் வந்தான். கறுப்புச் சட்டை, கலைந்த தலை, கையில் யாருக்கோ வாங்கின பூங்கொத்து. அரங்கத்து மேலாளருக்குத்தான் அது என்று பிறகு தெரிந்தது. எழுபது பேரில் நாற்பது பேர் எழுந்து கைகொடுத்தார்கள். பத்தொன்பது வருடமாகக் கூட உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் எழுந்ததில்லை. கூட உட்கார்ந்திருப்பவனுக்கு எழ முடியாது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெரியவன் சொல்லிக்கொண்டு பார்த்தான். எடுபடவில்லை.

“அண்ணா,” என்று சின்னவன் மேடை விளிம்புக்கு வந்து கூப்பிட்டான். “உங்களோடதைக் கேக்க முடியலையே, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்.”

“சனிக்கிழமை கேளு.”

“கண்டிப்பா,” என்றவன் பத்தாவது வரிசையில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தான்.

படத்து இசையைப் பற்றிப் பெரியவன் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருவது ஒன்றுதான். மேடைக்கு எழுதுகிற இசை தன் காலில் நிற்கிறது. படத்துக்கு எழுதுகிற இசை படத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கையை விட்டால் உட்கார்ந்துவிடும். அழுகிற முகத்தைத் திரையில் முப்பதடிக்குக் காட்டிவிட்டுக் கீழே எதை வாசித்தாலும் ஜனம் அழும். அதில் இசைக்கு என்ன பெருமை? இதைக் கேட்டுக் கேட்டு மனைவி ரசம் பரிமாறும் வேகத்தைக்கூட மாற்றுவதில்லை.

அந்தக் கொள்கைக்காகவே சின்னவனின் தாளைப் போன வாரம் கொடுத்தபோது அவன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகவில்லை. படத்து இசைக்குப் பயிற்சி ஒரு கேடா என்று பெட்டியில் போட்டுவைத்தவன் இப்போதுதான் பிரித்தான். மூன்றாவது பகுதியின் மேலே அச்சில் இருந்தது: தனி வயோலா.

தனி வாசிப்பு. அவனுக்கு.

அந்த மெட்டு அவனுக்குத் தெரியும். படம் பார்க்கவில்லை என்று வீட்டில் சாதித்தவன், ஒரு மதியக் காட்சிக்குத் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நாயகி கதவைச் சாத்திக்கொள்கிற இடத்தில் வரும். ஆனால் படத்தில் அதை வாசித்தது செல்லோ.

குச்சி இறங்கியது. பெரியவன் வாசித்தான்.

பதினாறு பார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் தடவை பார்க்கிற தாள், ஆனாலும் கை தானாகப் போனது. கீழே ஒற்றைக் குழல் ஒன்று அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கி ஊர்ந்தது. மற்ற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாங்கினார்கள். நடுவில் அவன் வயோலா ஏறி நிற்கிற இடத்தில் மற்ற எல்லாம் விலகி, வெறும் அவன் ஒலி மட்டும் அரங்கத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. பத்தொன்பது வருடத்தில் தன் வாத்தியம் அந்தச் சுவரைத் தொட்டதை அவன் கேட்டதில்லை.

முடிந்ததும் யாரும் தாளைத் திருப்பவில்லை. ஸ்டாண்டில் பங்கு போடுகிறவள் மூக்கை உறிஞ்சினாள். “ஜலதோஷம்,” என்றாள், யாரும் கேட்காமலே.

நன்றாக இருந்தது. அதை மறுக்க ஒரு வழியும் இல்லை. திரையில் எந்த முகமும் இல்லை, கதவும் இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. 

இன்னொரு முறை, என்றார் குச்சிக்காரர். அதற்குள் பெரியவன் பென்சிலை எடுத்தான். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தாளில் எண் போட்டுக்கொள்வது தந்தி வாத்தியக்காரர்களின் வழக்கம். ஆள்காட்டி விரல் ஒன்று, சுண்டுவிரல் நாலு, விரலே வேண்டாத வெறுந்தந்திக்குப் பூஜ்யம். இப்போது வாசித்ததை நினைவில் ஓட்டி மளமளவென்று எண் போட்டுக்கொண்டே போனான். ஒன்று, மூன்று, இரண்டு, பூஜ்யம். கடைசி பார்வரை போட்டுவிட்டுப் பார்த்தான்.

ஒரு நாலுகூட இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தான். வேகமாக ஓடுகிற அந்த ஆறாவது பாரில் சுண்டுவிரல் இல்லாமல் முடியாது. படத்தில் இருந்த சுருதியில் முடியாது. இங்கே மெட்டை யாரோ அரைச் சுரம் இறக்கி வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் வந்தே தீர வேண்டிய இடமெல்லாம் இப்போது வெறுந்தந்தியில் போய் விழுந்தது. தற்செயலாக ஒரு இடத்தில் அப்படி அமையலாம். ஒன்பது இடத்தில் அமையாது. இது ஒரு கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

தம்பிக்கு வயோலாவில் எத்தனை தந்தி என்பதே தெரியாது.

இரண்டாம் முறை அவன் எப்படி வாசித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். நாலு வருடமாக, தான் ஒத்திகைக்குக் கிளம்புகிற காலைகளில், வீட்டில் பியானோ சொல்லித்தரும் மனைவி அதன் முன்னால் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பாள். மாணவர்களுக்குப் பரீட்சைத் தாள் தயாரிப்பதாகச் சொல்வாள். மொத்தம் எட்டு மாணவர்கள். எட்டுப் பேருக்கு அத்தனை பரீட்சையா என்று அவன் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

ஒத்திகை முடிந்ததும் குச்சிக்காரர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

“உங்க நடுப்பகுதி சேறு. நல்ல விஷயம் உள்ள இருக்கு, ஆனா எல்லாரையும் ஒரே நேரத்துல பேச விட்டிருக்கீங்க. இப்படியே மேடைக்குக் கொண்டுபோக மாட்டேன்.”

பெரியவன் வயோலா பெட்டியைத் தோள் மாற்றி மாட்டிக்கொண்டான்.

“உங்க தம்பிக்கு அரேஞ்சர் ஒருத்தர் இருக்கணும். மெட்டு அவர் போடுறார், வாத்தியத்துக்கெல்லாம் பிரிச்சு எழுதுறது வேற கை. அந்த வயோலா இடத்தை எழுதின ஆள் யாரோ, அவர்கிட்ட உங்க நடுப்பகுதியைக் குடுங்க. வியாழக்கிழமை புதுத் தாள் வந்தா வாசிக்கிறேன். இல்லைன்னா தம்பியோடது மட்டும்தான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க, நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகணும்.”

யார் அந்த ஆள் என்று தெரியுமா என்றும் கேட்டார். விசாரிக்கிறேன் என்றான் பெரியவன். அன்றைக்கு அவன் சொன்ன முதல் பொய் அது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. பியானோ அறையில் எட்டு மாணவர்களில் ஒருவரான பல் டாக்டர் அம்மாள் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் ஒரே தப்பு, ஐந்தாவது முறை. மனைவியின் குரல் ஐந்தாவது முறையும் முதல் முறை போலவே அதைத் திருத்தியது. பெரியவன் சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்தான். சண்டை போட வந்தவன், கெஞ்ச வேண்டியவனாகவும் வந்திருந்தான். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

பல் டாக்டர் போனதும் அவன் தாளைப் பியானோ மேல் வைத்தான். பென்சில் எண்கள் மேலே தெரியும்படி.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றாள். “வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வாசிச்சுப் பாத்திருந்தா போன வாரமே தெரிஞ்சிருக்கும்.”

“எத்தனை படம்?”

“ஆறு.”

“விரல் விஷயம் அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. செல்லோவே இருக்கட்டும்னுதான் சொன்னார். வயோலாவுக்கு நல்லா இருக்கும்னு நான்தான் மாத்தினேன்.”

அந்த ஒரு பயம் போனது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஆறு படம். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. படத்து இசை தன் காலில் நிற்காது என்று பேசிக்கொண்டிருந்த ஒருத்தனுக்கு மட்டும் தெரியவில்லை. சிரித்திருப்பார்களோ? சிரிக்காமல் இருந்திருந்தால் அது இன்னும் மோசம்.

“உன் வேலைக்கு அவன் பேர் வாங்கிக்கிட்டான்.”

“ஒவ்வொரு படத்துக்கும் என் பேரைப் போடட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னது நான். போட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு.”

“தெரிஞ்சா என்ன?”

“இதோ, இப்படி முகத்தை வெச்சுக்குவீங்க.”

பெரியவன் முகத்தை மாற்ற முயன்று தோற்றான். தனக்கு எழுதித் தராததைத் தம்பிக்கு ஏன் எழுதித் தந்தாய் என்று கேட்டான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதில் சொன்னாள். அவன் தன் தாளைத் தந்ததெல்லாம் ஓய்வுக் குறிகள் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப்பார்க்கத்தான். ஒரு முறை அவள் ஓரத்தில் பென்சிலால் இரண்டு யோசனை எழுதிவைத்தாள். மறுநாள் அதை அவன் ரப்பரால் அழித்திருந்தான். சுத்தமாக, தாள் கிழியாமல்.

“அவன் என்ன தர்றான்? நாப்பது செகண்ட் மெட்டு. அழற பொம்பள முகம். அந்த முகத்தை எடுத்துட்டா அதுல என்ன இருக்கு?”

“இன்னிக்கு எடுத்துட்டுத்தானே வாசிச்சீங்க. என்ன இருந்துச்சு?”

அவன் பியானோ மேலிருந்த தாளைத் தன் பக்கம் திருப்பினான்.

“அங்க ஒருத்தி கதவைச் சாத்திக்கிட்டு அழறா. நாப்பது செகண்டுக்குள்ள நான் உள்ள போகணும், அவளைத் தொந்தரவு பண்ணாம வெளிய வரணும். உங்க பதினொரு நிமிஷத்துல எந்தக் கதவுக்குப் பின்னாலயும் யாரும் இல்ல. நீங்க மட்டும்தான் இருக்கீங்க. அதுவும் எல்லா வாத்தியத்துலயும் ஒரே சமயத்துல பேசிக்கிட்டு.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “ஆனா மூணாவது நிமிஷத்துல கீழ் தந்தியில வர்ற அந்த வரி இருக்கே, அது மாதிரி உங்க தம்பிக்குச் சாகிற வரைக்கும் வராது. அதை மேல ஆறு பேர் உக்காந்து அமுக்கிட்டாங்க.”

பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அவன் இசையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. முதல் கெட்ட வார்த்தையும் அதே மூச்சில் வந்துவிட்டதால் அவனால் அதைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குச்சிக்காரர் சொன்னதை அவன் சொன்னான். அரேஞ்சரைப் பிடிக்கச் சொன்னதை, வியாழக்கிழமையை, ஐந்து மணியை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் அவனுடைய இசையின் முழுத் தாளை எடுத்து நடுப்பகுதியைப் பிரித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். விரல் தானாகப் பியானோ மேல் போய் நின்றது.

“பண்றேன். புதன்கிழமை ராத்திரிக்குள்ள முடியும்,” என்றாள். “ஆனா இதுல என் பேர் இருக்கணும். உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, இனிமே யாருக்காக மறைக்கிறது? உங்க பேருக்குக் கீழ, அரேஞ்ச்மென்ட்னு.”

“போடலாம்.” பெரியவன் சட்டென்று திரும்பினான். “தாராளமா. இதுல மட்டும் எதுக்கு? அவனோடதுலயும் போடச் சொல்றேன். இப்பவே குச்சிக்காரருக்கு ஃபோன் பண்றேன், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் சேத்துடலாம். ஊருக்கே தெரியட்டும்.”

அவன் முகத்தில் அன்று காலையிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்திருந்தது. போஸ்டரில் முழ நீளத்துக்கு இருக்கிற பெயர் ஒரே வரியில் பாதியாகச் சுருங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கைபேசி ஏற்கெனவே கையில் இருந்தது.

மனைவி அவனையே பார்த்தாள். பிறகு தாளை மூடினாள்.

“நான் உங்களோடதுல மட்டும்தான் கேட்டேன்.”

“ரெண்டும் உன் வேலைதானே?”

“என் வேலைதான். ஆனா இப்ப நீங்க சந்தோஷப்பட்டது எனக்காக இல்ல.”

அவன் மறுக்கப் பார்த்தான். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பேர் வேண்டாமென்று தம்பியிடம் வாக்குக் கொடுத்தது தானே என்றாள். ஆறு படமும் அவர் ஒருத்தரே செய்தார் என்று ஊர் நம்புகிறதென்றால் அது தன் பிடிவாதத்தால். அண்ணனோடதில் பேர் வந்தாலே தம்பியோடதில் யார் என்று கேள்வி வரும். குச்சிக்காரருக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். அதனால் அவரைக் கேட்காமல் எதிலும் தன் பேர் போகாது.

“பேர் இல்லாமலே என்னோடதைச் செஞ்சு குடேன்,” என்றான் பெரியவன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது.

“இன்னொரு தடவை மறைஞ்சு எழுத மாட்டேன். அவருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல.” அவள் தன் கைபேசியை எடுத்தாள். “அவர் சரின்னு சொன்னா ரெண்டுலயும் பேர் வரும், உங்களோடதைத் தொடுவேன். வேண்டாம்னு சொன்னா தொட மாட்டேன்.”

“என் மியூசிக் மேடை ஏறணுமா வேண்டாமான்னு அவன் சொல்லணுமா?”

“ஆமா.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. அவள் ஒலிபெருக்கியை அழுத்திக் கைபேசியைப் பியானோ மேல் வைத்தாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று.

அண்ணன் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் எடுப்பான் சின்னவன். இப்போது முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தான்.

“சொல்லுங்க அண்ணி,” என்றான். பெரியவன் அந்தக் குரலில் இதுவரை கேட்டிராத ஒரு மரியாதை அதில் இருந்தது.